டிக்கன்ஸ் நாவல்களிற் சட்டத்தரணியின் நேர்மை: ஒரு மார்க்சிய நோக்கு

1854ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ‘நியூயோர்க் டெயிலி ற்ரிபியூன்’ பத்திரிகையில் ஆங்கில மத்தியதர வர்க்கத்தைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், டிக்கன்ஸ் முதலாய சமகால நாவலாசிரியரைக் குறிப்பிட்டு, அரசியல்வாதிகளும் ஒழுக்கவியலாளரும் ஒன்றுகூடி வெளியிட்டவற்றிலும் கூடுதலான அரசியல், சமூக உண்மைகளை இவர்கள் உலகுக்கு உணர்த்தினர் எனக் கருத்துரைத்தார். இக்கூற்று மார்க்சிய விமர்சகர்களாற் பலகாலும் எடுத்தாளப்படுவது. ஆயின் எடுத்தாளப்படும் அளவிற்கு அது சோதித்துப் பார்க்கப்படுவதில்லை. எந்த நாவலில், எந்தத் தொழிலைப் பற்றி, எவ்வகை உண்மை வெளிப்பட்டது என்று கேட்கத் தொடங்கியதும் பொதுக்கூற்றின் வசதி குன்றிவிடுகின்றது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு தொழிலை மட்டுமே. அது சட்டத்தொழில். அதனுள்ளும், வஞ்சனை செய்த சட்டத்தரணி பின்னர் என்னவானான் என்னும் ஒரு வினாவை மட்டுமே.

டிக்கன்ஸின் சட்டத்தரணிகள் பற்றிய எழுத்துக்கள் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை அப்பாத்திரங்களை நகைச்சுவைச் சித்திரங்களாக வரிசைப்படுத்துவதோடு அமைதி காண்கின்றன. டிக்கன்ஸ் இத்தொழிலை வெளியில் நின்று கண்டவரல்லர் என்பது மறக்கப்படுகின்றது. 1827இல், தமது பதினைந்தாவது வயதில், கிரேய்ஸ் இன்னில் இருந்த ஒரு சட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர் அவர். பின்னர் டொக்டர்ஸ் கொமன்ஸ் நீதிமன்றங்களிற் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். 1844இல் தமது ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையைக் களவாக வெளியிட்டோர்மீது சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். எதிரிகள் வங்குரோத்து அடைந்தமையால் ஏறக்குறைய 700 பவுண் செலவைத் தாமே சுமந்தார். வழக்கில் வென்றவனும் பணமிழந்து போகலாம் என்பதை அவர் நூல்களிற் படித்து அறியவில்லை.

பாத்திரங்களை அணுகுமுன் நிறுவனத்தை நோக்குதல் வேண்டும். சட்டத்தரணியின் வஞ்சனையைத் தண்டிக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் மிகப் பழையது. 1275ஆம் ஆண்டின் முதலாம் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம், மன்றில் வஞ்சனை செய்த வழக்குரைஞனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதித்து, அவன் பின்னர் எவர் பொருட்டும் மன்றிற் பேசாதவாறு தடுத்தது. 1402ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நீதிபதிகளாற் பரிசோதிக்கப்பட்ட நல்லோரும் நற்பெயருடையோருமே பெயரேட்டிற் பதியப்படல் வேண்டும் என விதித்தது. சட்டத்தரணிகள் தமக்கென அமைத்த சங்கம் 1825இல் தோன்றி 1831இல் அரச பட்டயம் பெற்றது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் பெயரேட்டைப் பேணும் பணியை அச்சங்கத்திடமே ஒப்படைத்தது. அஃதாவது, டிக்கன்ஸ் எழுதிக்கொண்டிருந்த காலம், நீதிபதியின் கையிலிருந்த ஓர் இடைக்காலப் பெயரேடு தொழிலாளரல்லாத ஒரு தொழில்வகுப்பின் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலமாகும். தொழிற்புரட்சியின் விளைவாக நிலமும் பங்கும் கடனும் முன்னொருபோதும் இல்லாத வேகத்திற் கைமாறின. அக்கைமாற்றத்திற்கு இடையில் நின்ற சட்டத்தரணியின் மேசையிற் பிறர் பணம் குவிந்தது. ‘நற்பெயர்’ என்னும் பழைய சொல் புதிய சந்தையொன்றிற் புதிய பெறுமதி அடைந்தது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிற் பிரக்கிராசி என்றும் அப்புக்காத்து என்றும் அறியப்பட்ட இருசாராரும் இதே பெயரேட்டு முறையின்கீழ் வந்தவர்களே. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அவ்விரு பிரிவினரையும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயருள் அடக்கியது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, வஞ்சனை, தொழில்முறைகேடு, குற்றம், தவறு ஆகியவற்றைப் புரிந்த சட்டத்தரணியை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்ற நீதியரசர் மூவருக்கு அதிகாரம் அளிக்கின்றது. 1275ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘வஞ்சனை’ எழுநூறு ஆண்டு கடந்து ஹல்ஸ்டோர்ப்பிற்கு வந்து சேர்ந்த வழி, குடியேற்றவாதத்தின் வழி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நாவல்கள். ‘த ஓல்ட் கியூரியோசிற்றி ஷொப்’ (1840–41) நாவலில் வரும் சாம்சன் பிராஸ் ஓர் அற்பச் சட்டத்தரணி. குவில்ப் என்னும் வட்டிக்காரனே அவனுடைய வாடிக்கையாளன், உண்மையில் எசமான். குவில்ப்பின் ஏவலால், கிற் என்னும் ஏழைச் சிறுவனைத் திருடனாக்கும் பொருட்டு, ஐந்து பவுண் தாளொன்றை அவனது தொப்பியினுள் ஒளித்து வைக்கின்றான் பிராஸ். சிறுவன் நாடுகடத்தப்படும் தறுவாயில் உண்மை வெளிப்படுகின்றது. பிராஸ் தண்டிக்கப்படுகின்றான், சட்டத்தரணிகளின் பெயரேட்டிலிருந்து அவன் பெயர் அழிக்கப்படுகின்றது. கடைசி அத்தியாயத்தில் இதனை அறிவிக்கும் டிக்கன்ஸ் போகிறபோக்கில் ஒரு குறிப்பை இணைக்கின்றார். பெயரேட்டிலிருந்து நீக்கப்பட ஒருவன் ஏதோ வியப்பிற்குரிய கொடுமை செய்திருத்தல் வேண்டும் என்று உலகம் கருதுவது சரியாகத்தான் இருக்கும்; ஏனெனில் எத்தனையோ இழிந்த பெயர்கள் அதே ஏட்டில் எவராலும் தீண்டப்படாது இருக்கின்றனவே என்பது அக்குறிப்பின் சாரம்.

இக்குறிப்பு பெரிதும் கவனிக்கப்படாதது. நமக்கோ இதுவே வாயில். பிராஸின் வீழ்ச்சியிற் கதை நீதி கண்டுவிட்டது. ஆனால் கதைசொல்லி அந்நீதியை ஒரு கணம் சந்தேகிக்கின்றார். நீக்கம் என்பது எஞ்சியோர்க்கு அளிக்கப்படும் நற்சான்றிதழாகவும் தொழிற்படுகின்றது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆயினும் 1841இல் அவர் கையிலிருந்த கலைச்சாதனம் அக்காட்சிக்குப் போதியதாக இருக்கவில்லை. பிராஸ் கொடியவன், எனவே கொடுமை செய்தான். அவனைக் கொடியவனாக்குவது அவனது சிவந்த தலைமயிரும் இளித்த முகமுமே. குவில்ப்போ இறந்துபோகின்றான். இருவரும் அகன்றபின் உலகம் சீராகிவிடுகின்றது. 1940இல் டிக்கன்ஸைப் பற்றி எழுதிய ஜோர்ஜ் ஓர்வெல், அவருடைய சமூக விமர்சனம் முற்றிலும் ஒழுக்கம் சார்ந்தது, அமைப்பை மாற்றும் எண்ணம் அதில் இல்லை என்று வாதித்தார். 1937இல் டிக்கன்ஸைப் புரட்சியின் அருகே கொண்டுவந்து நிறுத்திய ரி. ஏ. ஜாக்சனுக்கு அது மறுமொழியுமாகும். சாம்சன் பிராஸைப் பொறுத்தவரை ஓர்வெல் சொன்னதே சரி என்பதை நாம் ஏற்கவேண்டியுள்ளது. ஜாக்சன் நம்மவர் என்பதற்காக அவர் மிகைப்படுத்திய இடங்களையும் தூக்கிச்சுமத்தல் விமர்சனமாகாது.

‘டேவிட் கொப்பர்பீல்ட்’ (1849–50) சற்றுச் சிக்கலானது. யூரையா ஹீப்பின் குற்றங்கள் தொழில் ஒழுக்காற்று மன்றங்கள் இன்றும் நாடோறும் விசாரிக்கும் குற்றங்களே: பொய்க் கணக்கு, கள்ளக் கையொப்பம், நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கப்பட்ட பணத்தில் கைவைத்தல். மிக்கோபர் வாசிக்கும் குற்றப்பத்திரத்தில் 12,614 பவுண் என்று தொகைகூடத் துல்லியமாக வருகின்றது. ஆனால் ஹீப் எந்த மன்றின் முன்னும் நிறுத்தப்படுவதில்லை. பணத்தையும் பத்திரங்களையும் திருப்பிக் கொடுக்கும்படி வீட்டு அறையொன்றினுள் அவன் நெருக்கப்படுகின்றான், கொடுத்ததும் போகவிடப்படுகின்றான். அந்நெருக்குதலை நடத்தும் ட்ராடில்ஸ் தானே ஒரு பாரிஸ்ரர் என்பது சுவையான செய்தி. சக தொழிலரின் கடும் முறைகேட்டை அறிந்தவர் அதனை முறைப்படி அறிவித்தல் வேண்டும் என்பது இன்றைய ஆங்கிலத் தொழில் விதி. ட்ராடில்ஸுக்கு அந்த எண்ணமே எழவில்லை. தம்மவரின் சொத்து மீண்டது. ஹீப்பின் அடுத்த கட்சிக்காரர் யாராயினும் ஆகட்டும். அடுத்தது இங்கிலாந்து வங்கியாக அமைந்ததாற்றான் ஹீப் ஈற்றிற் சிறை செல்கின்றான். தனியாரின் பணம் போனபோது வாளாவிருந்த அரசு, வங்கியின் பணம் என்றதும் விழித்துக்கொள்கின்றது. இதனை டிக்கன்ஸ் வேண்டுமென்றே எழுதினாரா என்பது ஐயமே. எழுதப்பட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

இந்நாவலிற் பேசப்படாத வேறொன்றும் உண்டு. கணக்கு யாருடையது? விக்பீல்ட் என்ற கனவானுடையது. நம்பிக்கைப் பொறுப்பை ஏற்றவரும், மதுமயக்கத்திற் காகிதங்களிற் கையொப்பமிட்டவரும் அவரே. எனினும் வாசகனின் வெறுப்பு முழுவதும் ஹீப்பின்மீது திருப்பப்படுகின்றது. அவனது ஈரக்கைகளும் நெளியும் உடலும் பக்கத்திற்குப் பக்கம் வருணிக்கப்படுகின்றன. ஹீப் தருமப் பாடசாலையிற் படித்தவன். மேலோர் முன் தொப்பியைக் கழற்றவும் பணிந்து பேசவும் தன்னையும் தன் பெற்றோரையும் பழக்கியது அத்தகைய நிறுவனங்களே என்று அவன் ஓரிடத்திற் சொல்கின்றான். நாவலிலுள்ள மிகக் கூர்மையான சமூக விளக்கம் அதுவே; அதனை ஆசிரியர் வில்லனின் வாயில் வைத்துவிட்டு அவ்விடத்தை விரைவிற் கடந்து செல்கின்றார். கனவானுக்குப் பரிவு, எழுதுவினைஞனுக்கு அருவருப்பு என்ற இப்பங்கீட்டைப் பிறிதோரிடத்தில் நாம் மீளச் சந்திப்போம். (இதே நாவலின் ஸ்பென்லோ, ஜோர்க்கின்ஸ் என்னும் பிரக்கிராசிமார் தனிக் கட்டுரைக்குரியவர். தாம் இரக்கமுள்ளவர்தாம், ஆனால் கூட்டாளி ஜோர்க்கின்ஸ் இணங்கமாட்டாரே என்று காலமெல்லாம் கைவிரிக்கும் ஸ்பென்லோவை, அலுவலகங்களிற் காத்திருந்து பழகிய நம் நாட்டவர் உடனே இனங்கண்டுகொள்வர்.)

‘பிளீக் ஹவுஸ்’ (1852–53) வரும்போது அனைத்தும் மாறிவிடுகின்றது. சைமண்ட்ஸ் இன் என்ற இருண்ட கட்டடத்தில் அலுவலகம் வைத்திருக்கும் வோல்ஸ் என்னும் சொலிசிற்றர், டிக்கன்ஸ் படைத்த சட்டத்தரணிகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுபவன். நமது நோக்கில் மிக முக்கியமானவன். அவன் எதையும் திருடுவதில்லை. யாருடைய கையொப்பத்தையும் இடுவதில்லை. குடிப்பதில்லை, விடுமுறை எடுப்பதில்லை. மூன்று புதல்வியர், தோன்ரன் பள்ளத்தாக்கில் அவனை நம்பியிருக்கும் வயோதிபத் தந்தை. கட்சிக்காரனிடம் நம்பிக்கையூட்டும் வார்த்தை ஒன்றும் பேசுவதில்லை. தன் கட்சிக்காரன் அழிவை நோக்கிச் செல்கின்றான் என்பதை அவனுடைய நண்பர்களிடம் தானே சென்று அறிவிக்கவும் செய்கின்றான். பின்னர் எவரும் குறைகூற இடமிராதவாறு எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வது அவனது வழக்கம். இன்றைய தொழிலொழுக்கக் கோவைகளுள் எதனை எடுத்து அவன்மீது வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அவன் தேறிவிடுவான். கட்சிக்காரனின் அறிவுறுத்தலின்படி நடந்தான், ஆபத்தை எடுத்துரைத்தான், பதிவு வைத்திருந்தான். ஆனால் றிச்சார்ட் என்னும் இளைஞன் அந்த மேசைக்கு முன்னமர்ந்து பொருளையும் உடல்நலத்தையும் இறுதியில் உயிரையும் இழக்கின்றான். ஜார்ண்டிஸ் வழக்கின் ஆதனம் முழுவதும் வழக்குச் செலவிற் கரைந்தபோது, வோல்ஸ் தன் கட்சிக்காரனின் கடைசிக் கவளத்தையும் விழுங்கி முடித்தவன்போற் காட்சியளிக்கின்றான்.

வோல்ஸிடம் ஒரேயொரு கறை தென்படுகின்றது. றிச்சார்ட்டை அவனிடம் அழைத்துவந்தவன் ஸ்கிம்போல். அதற்காகத் தனக்கு வோல்ஸ் ஏதோ கொடுத்தான், அதனைத் தரகு என்று சொன்னான், அது ஐந்து பவுண் தாளாக இருக்கவேண்டும் என்று ஸ்கிம்போல் வெகுளிபோலக் கூறுகின்றான். பிராஸ் தொப்பியினுள் ஒளித்ததும் ஐந்து பவுண் தாளே. பதினோராண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரு நாவல்களில் இரு சட்டத்தரணிகளின் கையிலிருந்து ஒரே தொகை வெளிச்செல்கின்றது. முதலாவது, ஏழைச் சிறுவனைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்ட களவு. இரண்டாவது, வசதியுள்ள இளைஞனை வழக்கிற்குள் இழுக்கப் பயன்பட்ட வணிகச் செலவு. அதற்கு ஒரு பெயருண்டு, கணக்கில் அதற்கோர் இடமுமுண்டு. ஆசிரியர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தாரோ இல்லையோ, பிராஸிலிருந்து வோல்ஸுக்கு அவருடைய யதார்த்தம் நகர்ந்த தூரத்தை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை. உடல்காயம் தொடர்பான வழக்குகளைக் கொண்டுவந்து சேர்ப்போருக்குத் தரகு கொடுத்தல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் மாதத்திலேதான் சட்டத்தினாற் தடைசெய்யப்பட்டது என்பதையும் இங்கு குறித்துவைக்கலாம்.

வோல்ஸின் சிறப்பு, அவனுக்காக டிக்கன்ஸ் எழுதியுள்ள விவாதத்தில் இருக்கின்றது. சான்சரி நடைமுறையைச் சீர்திருத்தினால் வோல்ஸ் போன்ற மதிப்புக்குரியோர் பாதிக்கப்படுவர். அவனது மூன்று புதல்வியரும் தந்தையும் என்னாவது என்று பாராளுமன்றக் குழுக்களின் முன் பெரிய மனிதர்கள் உருகுகின்றனர். மனிதரைத் தின்பதைத் தடைசெய்தால் வோல்ஸ் குடும்பம் பட்டினி கிடக்குமே என்று வாதிடுவதற்கு இது நிகர் என்பது ஆசிரியரின் எள்ளல். ஆங்கிலச் சட்டத்தின் தலையாய நியதி தனக்கெனத் தொழிலை உண்டாக்கிக் கொள்வதே என்றும், அந்நோக்கில் நின்று பார்த்தால் குழப்பமெனத் தோன்றுவது ஒழுங்கான திட்டமாகத் தெரியும் என்றும் அதே அத்தியாயத்தில் அவர் விளக்குகின்றார். தனியொருவனின் குணக்கேடு என்ற விளக்கம் இங்கு முற்றாகக் கைவிடப்பட்டுள்ளது. 1888இல் மார்கரெற் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் யதார்த்தவாதம் பற்றிக் கூறியது, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்கள் என்பது. பிராஸ் வகைமாதிரியன்று, விதிவிலக்கு. வோல்ஸ் வகைமாதிரி. ஓர்வெலின் கூற்று வோல்ஸின் முன்னே நிற்கமாட்டாது. நாவலின் முன்னுரையில் டிக்கன்ஸ் தருகின்ற தகவலும் இதற்கு அரணாகின்றது: ஏறக்குறைய இருபது ஆண்டு நடந்துகொண்டிருந்த, 30 முதல் 40 வரையான வழக்குரைஞர் ஒரேவேளையில் தோன்றிய, 70,000 பவுண் செலவாகிய ஒரு வழக்கை அவர் சுட்டுகின்றார். அவ்வழக்கில் எவரும் வஞ்சனை செய்ததாக அவர் சொல்லவில்லை. சொல்லாமையே முன்னுரையின் வலிமை.

டிக்கன்ஸ் 1870இல் மறைந்தார். அதற்குப் பின்னரே இத்தொழிலின் ஒழுக்காற்று அமைப்பு இன்றைய வடிவம் பெற்றது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்பாடுகளை முதலில் விசாரிக்கும் பொறுப்பைச் சட்டச் சங்கத்தவர் கொண்ட குழுவொன்றிடம் அளித்தது. 1919இல் அக்குழு தானே பெயரை நீக்கும் அதிகாரம் பெற்றது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதனிடத்தைத் தனியான ஒழுக்காற்று நியாயசபை எடுத்துக்கொண்டது. இடையில் ஒரு சம்பவம். சட்டச் சங்கத்தின் தலைவராக முன்னர் வீற்றிருந்த பெஞ்சமின் கிறீன் லேக் என்பவரே கட்சிக்காரர் பணத்தைக் கையாடியமைக்காக 1901இற் சிறை சென்றார். பெயரேட்டின் காவலரே பெயரேட்டிற்கு இழுக்காயினார். கட்சிக்காரர் பணத்தைத் தனிக்கணக்கில் வைத்தல் வேண்டும் என்ற விதிக்கு 1935 வரையும், வஞ்சிக்கப்பட்டோருக்கு நட்டஈட்டு நிதியொன்றை அமைக்கும் சட்டத்திற்கு 1941 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

இவ்விதிகளை இகழ்தல் நம் நோக்கமன்று. சட்டத்தரணிகள் யாவரும் சுரண்டலின் கருவிகளே, ஆகையால் அவர்களுள் யார் நேர்மையானவர் என்று ஆராய்வது வீண் என்று சொல்லும் கொச்சை மார்க்சியம் நம்மிடையே உண்டு. அது தீவிரம்போலத் தோன்றும். ஆனால் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணத்தில் ஒரு துண்டுக் காணி வாங்க நொத்தாரிசிடம் போகும் ஒருவருக்கு அதனால் ஆவது யாதுமில்லை. பெரும் வணிகர் ஏமாற்றப்பட்டால் இன்னொரு சட்டத்தரணியை அமர்த்திக்கொள்வர். விதவையும் விவசாயியும் கூலித் தொழிலாளியும் பெயரேட்டையே நம்பவேண்டியவர்கள். தனிக்கணக்கு, நட்டஈட்டு நிதி, பெயர்நீக்கம் ஆகியவை அவர்களுக்கு மெய்யான பாதுகாப்பு. ஆகவே வினா இவ்விதிகள் வேண்டுமா என்பதன்று. இவை எதன்பொருட்டு என்று அவற்றை இயற்றியோர் தாமே கூறும் விளக்கம் யாது என்பதே வினா.

இதற்கு மிகத் தெளிவான விடை, 1993 டிசம்பரில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சேர் தோமஸ் பிங்ஹாம் வழங்கிய ‘போல்ற்றன் எதிர் சட்டச் சங்கம்’ தீர்ப்பில் உண்டு. அவ்வழக்கின் சொலிசிற்றர் நேர்மையீனம் உடையவரெனக் காணப்படவில்லை. ஆயினும் வீட்டுக்கடனுக்காக ஒப்படைக்கப்பட்ட பணத்தை உரிய வேளைக்கு முன் விடுவித்திருந்தார். இரண்டாண்டு இடைநிறுத்தத்தை அபராதமாகக் குறைத்த கீழ்மன்றின் முடிவை மாற்றி, மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைநிறுத்தத்தை மீள விதித்தது. தண்டனையின் அடிப்படை நோக்கம், உலகின் எல்லைவரை நம்பத்தக்கவர் என்ற தொழிலின் பெயரைக் காப்பது. தொழிலின் மிகப் பெறுமதியான சொத்து அதன் கூட்டு நற்பெயரே. அதனோடு ஒப்பிடுகையில் தனியொருவரின் நல்வாழ்வு பெரிதன்று என்பது தீர்ப்பின் கருத்து. பெயர்நீக்கத்தால் அவருக்கும் குடும்பத்திற்கும் நேரும் அவலம் மெய்யானதாயினும் மூலப் பிரச்சினையை அது தொடுவதில்லை என்றும் அதிற் கூறப்பட்டுள்ளது. வீட்டை விற்ற பணத்தைச் சட்டத்தரணியின் கையில் ஒப்படைக்கும் சாதாரண மனிதனின் நிலையையும் நீதிபதி நினைத்தே பேசுகின்றார், அதனை மறைத்துவிடலாகாது. ஆனாற் ‘சொத்து’ என்ற சொல் நமது சொல்லன்று, அவருடையது. நற்பெயர் என்பது ஒரு தொழில்வகுப்பு முழுவதும் பங்குகொள்ளும் மூலதனம் என்பதை ஒரு மார்க்சியவாதி எழுதியிருந்தால் வரட்டுவாதம் என்றிருப்பார்கள்.

இப்போது வோல்ஸின் மூன்று புதல்வியரை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். 1853இல், நடைமுறை மாறினாற் தொழிலின் வருவாய் குறையும் என்ற நிலையில், சட்டத்தரணியின் குடும்பம் சாட்சிக்கூண்டிற்கு அழைத்துவரப்படுகின்றது. 1993இல், ஓர் உறுப்பினரின் தவறினாற் தொழிலின் பெயர் கெடும் என்ற நிலையில், சட்டத்தரணியின் குடும்பம் வெளியே நிறுத்தப்படுகின்றது. இரண்டும் முரண்போலத் தோன்றும். குடும்பத்தை மறந்துவிட்டுத் தொழிலைப் பார்த்தால் முரண் இல்லை. இரு சந்தர்ப்பத்திலும் காக்கப்பட்டது ஒன்றே. பிராஸின் பெயர் அழிக்கப்படுவதும் வோல்ஸின் பெயர் நிலைபெறுவதும் இரு வேறு நீதிகளல்ல. முதலாவது நிகழ்வதனாலேயே இரண்டாவது மதிப்புடன் நிகழ முடிகின்றது. 1841ஆம் ஆண்டுக் குறிப்பில் டிக்கன்ஸ் சந்தேகித்ததும் 1853இற் சித்திரித்ததும் இவ்வுறவையே என்பது நமது முடிபு.

ஹீப்பையும் விக்பீல்டையும் பற்றிச் சொல்வதற்கு ஒன்று எஞ்சியுள்ளது. நேர்மையீனம் நிறுவப்பட்டால் அசாதாரண சூழ்நிலை இருந்தாலன்றிப் பெயர்நீக்கமே தண்டனை என்பது இங்கிலாந்தில் நிலைபெற்ற நெறி. 2018 நவம்பரில் அங்கு மேல் நீதிமன்றம் மூன்று சொலிசிற்றர்களின் வழக்குகளை ஒருங்கே தீர்த்தது. அவர்களுள் ஒருவர் இளநிலையில் இருந்தவர். செய்யாது தாமதித்த வேலையை மறைக்கக் கடிதங்களுக்குப் பொய்த் திகதியிட்டவர். கட்டணம் ஈட்டும் மணித்தியாலங்களைப் பற்றி அலுவலகம் கொடுத்த அழுத்தமும் மனநலக் குறைவும் அவர் சார்பில் எடுத்துரைக்கப்பட்டன. நியாயசபை அவற்றைக் கருத்திற்கொண்டு தண்டனையை இலகுவாக்கியது. மேல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மனநலமும் வேலைத்தல அழுத்தமும் தம்மளவில் அசாதாரண சூழ்நிலையாகா என்று கூறி மூவரின் பெயரையும் நீக்கியது. பொய்த் திகதி பொய்யே. கட்சிக்காரரின் கண்கொண்டு நோக்கினால் அதனை மன்னிக்குமாறு கேட்பதற்கில்லை. ஆயின் நெறியின் பார்வை எந்த இடத்தில் நிற்கின்றது என்பதைக் கவனிக்கலாம். திகதியை எழுதிய கை தெரிகின்றது. மணித்தியாலத்தை எண்ணிய கை அதே துல்லியத்தோடு தெரிவதில்லை. விக்பீல்டுக்குப் பரிவும் ஹீப்புக்கு அருவருப்பும் வழங்கிய நாவலைப் படித்த பழக்கம் வாசகருக்கு மட்டும் உரியதன்று போலும்.

ஈழத்து நிலையை இக்கண்கொண்டு ஆராய்வதற்குத் தனி முயற்சி வேண்டும். பிரக்கிராசிமார், அப்புக்காத்துமார் ஆகியோர்மீதான ஒழுக்காற்றுத் தீர்ப்புக்கள் ‘நியூ லோ றிப்போட்ஸ்’ தொகுதிகளிற் குடியேற்றவாட்சிக் காலந்தொட்டுச் சிதறிக் கிடக்கின்றன; சட்டத்தரணிகளின் நடத்தை பற்றி உயர் நீதிமன்றம் 1988இல் ஆக்கிய விதிகளும் உள்ளன. காணி உறுதி, சீதனம், ஈடு ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த யாழ்ப்பாணச் சமூகத்தில் நொத்தாரிசின் மேசை வகித்த இடத்தைப் பொருளியல் வரலாற்றாசிரியரேனும் நாவல் விமர்சகரேனும் இன்னும் முறையாக எழுதவில்லை. அத்தீர்ப்புக்களைச் சட்டக் கல்லூரி மாணவர் பரீட்சைக்காக வாசிக்கின்றனர். தமிழ்ச் சிறப்பு மாணவரும் ஒருமுறை அத்தொகுதிகளை நூலகத் தட்டிலிருந்து இறக்கிப் பார்க்கலாம்.